உப்பை வடித்தவன் உப்பைக் கரைத்தேன்: 110 லிட்டர் கடல் தொட்டி செட், ஏழு மாதம் கழித்து

தர்மபுரியில் வீட்டு ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் செய்வது என் தொழில். பதினோரு வருஷமாக ஊர் உப்புத் தண்ணியை நல்ல தண்ணியாக்கிக் கொடுக்கிறேன். அதனால் வீட்டில் கடல் மீனும் பவளமும் வளர்க்க ஒரு கடல் தொட்டி வைக்கப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டது நியாயமான கேள்விதான். "உப்புத் தண்ணி வேணாம்னுதானடா ஊரே உன்கிட்ட மெஷின் வாங்குது. நீ அதே மெஷின்ல வடிச்சு, திரும்ப அதுல உப்பைக் கொட்டுவியா?"

கொட்டினேன். முதல் தடவையே மூணே கால் கிலோ.

வாங்கியது பெங்களூரில் ஒரு கடையில். பெயர் வேண்டாம், குறை சொல்லப் போகிறேன். முதல்முறை வைப்பவர்களுக்கான ரீஃப் (பவளத் தொட்டி) செட் என்று 28,500 ரூபாய். இரண்டரை அடி நீளத் தொட்டி, பின்பக்கமே ஃபில்டர் அறை, நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், அலை மோட்டார், நீல வெள்ளை எல்.இ.டி. விளக்கு, ஹீட்டர், பவள மணல் 10 கிலோ, செராமிக் கல் 9 கிலோ, கடல் உப்பு 5 கிலோ, ஒரு பாட்டில் பாக்டீரியா, உப்பு அளக்க ஒரு ஹைட்ரோமீட்டர், தொட்டி வைக்க மர ஸ்டாண்டு. தெர்மாகோல் சுற்றி பார்சல் லாரியில் வந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. சிலிக்கான் ஒட்டு சுத்தமாக இருந்தது. பேக்கிங்குக்கு முழு மார்க்.

தண்ணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது ஒன்றுதான் எனக்கு முன்கூட்டியே தெரிந்த விஷயம். செட்டோடு வந்த தாளில் "ஆர்.ஓ. தண்ணீர் பயன்படுத்தவும்" என்று ஒரே வரி. அதை நம்பி வீட்டு மெஷினில் பிடித்து ஊற்றினால் தொலைந்தோம். நம் பக்கம் விற்கிற மெஷின்களில் பாதிக்கு மேல் டி.டி.எஸ். (தண்ணியில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கண்ட்ரோலர் இருக்கும். குடிக்க ருசி வேண்டும் என்று, வடிகட்டாத தண்ணியைக் கொஞ்சம் திரும்பக் கலந்துவிடும் திருகு அது. அதை முழுசாக மூட வேண்டும். மினரல் கார்ட்ரிட்ஜைக் கழற்ற வேண்டும். இப்போது ஃபேஷனாக வருகிற காப்பர் கார்ட்ரிட்ஜ் இருந்தால் அந்த மெஷின் பக்கமே போகாதீர்கள். மனுஷனுக்கு நல்லது என்று விற்கும் செம்பு, கடல் இறாலுக்கும் பவளத்துக்கும் விஷம்.

எங்கள் வீட்டு போர் தண்ணி என் டி.டி.எஸ். மீட்டரில் 1,240. ஒகேனக்கல் குழாய்த் தண்ணி 310. 2013-ல் அந்தத் திட்டம் வந்த பிறகுதான் எங்கள் தெருவில் ஃபுளோரைடு இல்லாத தண்ணியைக் குடித்தோம். இதில் ஒரு வேடிக்கை. கடல் நீரிலேயே ஃபுளோரைடு லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் அளவில் உண்டு. எங்கள் மாவட்டத்தில் சில போர்களில் அதைத் தாண்டும். அதனால் பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த என் வயசுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தொட்டிக்கு நான் குழாய்த் தண்ணியைத்தான் எடுத்தேன். குளோரின் போக கார்பன், பிறகு மெம்பரேன், கடைசியில் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின். மெம்பரேன் தாண்டி 18, ரெசின் தாண்டி 0. இந்தப் பூஜ்யம் வராமல் உப்பைப் பிரிக்காதீர்கள். ரெசின் கார்ட்ரிட்ஜ் செட்டில் கிடையாது, தனியாக வாங்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லவும் இல்லை.

அடுத்து அந்த ஹைட்ரோமீட்டர். கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஊசல் போல ஒரு முள். தொட்டித் தண்ணியை நிரப்பினால் முள் மிதந்து எழும்பி, அது நல்ல தண்ணியைப் போல எத்தனை மடங்கு கனம் என்ற எண்ணைக் காட்டும். எனக்கு 1.025 காட்டியது. கேட்டதும் அதுதான், கிடைத்ததும் அதுதான் என்று இரண்டரை மாதம் நிம்மதியாக இருந்தேன். ஜனவரியில் முதல் பவளம் விட்டேன். பட்டன் பாலிப் என்கிற சோவா, ஐந்து தலை. நாலு நாளாகியும் திறக்கவே இல்லை. சட்டைப் பட்டன் அளவு மொட்டு, முஷ்டியை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஐந்தாம் நாள் டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முள்ளின் அடியில் கடுகைவிடச் சின்னதாகக் காற்றுக் குமிழிகள், சோடா பாட்டிலில் ஒட்டியிருக்குமே அப்படி. நகத்தால் ஒரு தட்டு தட்டினேன். குமிழி மேலே போனது, முள் கீழே போனது. 1.021! லிட்டருக்கு 35 கிராம் இருக்க வேண்டிய உப்பு 28 தான் இருந்திருக்கிறது.

அன்றைக்கே, ஒரு சொட்டில் ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஆர்டர் போட்டேன். 1,600 ரூபாய். அதையும் வெறும் தண்ணியில் பூஜ்யம் வைத்தால் போதாது. 35 என்று தெரிந்த கரைசல் ஒரு சொட்டு விட்டு அங்கே சரி பார்க்க வேண்டும். ஒரு வாரம் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக உப்பை ஏற்றினேன். ஒன்பதாம் நாள் சாயங்காலம் நீல விளக்கு எரிந்ததும் ஐந்தில் மூன்று தலை விரிந்தது. பச்சை விளிம்பு, நடுவில் ஆரஞ்சு. மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூட்டி வந்துவிட்டாள்.

பாக்டீரியா பாட்டில் விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. "இதை ஊத்திட்டு மறுநாளே மீன் விடலாம் சார்" என்றார் கடைக்காரர். விட்டேன், இரண்டு கிளவுன் மீன். ஆறாம் நாள், மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா 1 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். சின்னது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது, இரவு போய்விட்டது. நல்ல தண்ணித் தொட்டியில் மீன் ஓரளவு தாக்குப்பிடிக்கும் அமோனியா அளவை இங்கே மீன் தாங்காது. கடல் தண்ணியின் பி.எச். 8.2 பக்கம் இருப்பதால் அதே அமோனியா அதிக விஷமாக இருக்கும். இரண்டு நாள் பாதிப் பாதி தண்ணி மாற்றித்தான் மற்றதைக் காப்பாற்றினேன். அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா, பிறகு அது விடும் நைட்ரைட்டைத் தின்னும் பாக்டீரியா என்று இரண்டு கூட்டமும் கல்லில் குடியேற வேண்டும். எனக்கு அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக 33 நாள் ஆனது. பாட்டில் வேலையைக் கொஞ்சம் வேகப்படுத்தியிருக்கலாம். ஒரே நாளில் முடிக்கவில்லை. நடுவில் மணலெல்லாம் பழுப்பாகப் படர்ந்தது, அது டயட்டம் பாசி. ஒன்றும் செய்யாமல் விட்டேன், மூணு வாரத்தில் தானாகப் போனது.

ஸ்கிம்மர் நன்றாக இருக்கிறது. முதல் பத்து நாள் வெறும் தண்ணியாகக் கக்கும், பயப்பட வேண்டாம். இப்போது வாரம் ஒரு கப், டீக்கடை டிக்காஷன் நிறத்தில், நாற்றம் குடலைப் பிடுங்கும். அலை மோட்டார் சத்தமில்லை. விளக்கு போதும். ஹீட்டர் டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் மட்டும் எரிந்தது.

எங்கள் ஊருக்கு வேண்டியது குளிர்ச்சி. அதைப் பற்றி செட்டில் ஒரு வார்த்தை கிடையாது. ஏப்ரல் கடைசியில் மதியம் தொட்டி 31 டிகிரி. தண்ணியைக் குளிர வைக்கும் சில்லர் மெஷின் விலை செட் விலைக்குக் கொஞ்சம்தான் குறைவு. பழைய கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டை மேலே சாய்த்து மாட்டினேன், 28-க்கு வந்தது. ஆனால் தினம் இரண்டரை லிட்டர் ஆவியாகிறது. ஆவியாவது தண்ணி மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். குறைந்ததை வெறும் ஆர்.ஓ. தண்ணியால்தான் நிரப்ப வேண்டும். நான் மூணு நாள் சேலம் போயிருந்தபோது, அம்மா பொறுப்பாக உப்புக் கரைத்து வைத்த பக்கெட்டிலிருந்து ஊற்றியிருக்கிறார். வந்து பார்த்தால் உப்பு லிட்டருக்கு 38 கிராம். "கடல் மீனுக்கு உப்புத் தண்ணிதானே கண்ணு ஊத்தணும்?" திட்ட மனசு வரவில்லை. இப்போது சிவப்பு பக்கெட் உப்பு, நீல பக்கெட் வெறும் தண்ணி. கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் வாங்கி வையுங்கள், 600 ரூபாய்தான்.

இந்தக் கடையைப் பாராட்ட ஒரு காரணம் உண்டு. கடலிலிருந்து எடுத்த நிஜப் பவளப் பாறை கேட்டேன், செராமிக் மட்டும்தான் என்று கறாராகச் சொன்னார்கள். வேறொரு ஆள் போனில் "ராமேஸ்வரம் கல்லு, உயிரோட இருக்கும், பாதி விலை" என்றான். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். கல் பவளமெல்லாம் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்குப் பவளத்தை வெட்டியதும் அதற்கு ஒரு காரணம். என் ஹாலில் அழகுக்கு இன்னொரு கல் வேண்டாம். நான் வைத்திருப்பது சோவாவும் காளான் பவளமும்தான், பில்லோடு வாங்கியவை. சோவாவை வெறும் கையால் நறுக்காதீர்கள், அது ஒட்டியிருக்கும் கல்லை வெந்நீரில் போடாதீர்கள். சில வகைகளில் கடுமையான விஷம் உண்டு.

இன்றைய கணக்கில் செட்டுக்கு மேல் 9,000 ரூபாய் கூடுதலாகச் செலவு. தொட்டிக்கும் ஸ்கிம்மருக்கும் ஐந்துக்கு நாலு, ஹைட்ரோமீட்டருக்குப் பூஜ்யம். போன் செய்தால் எடுக்கிறார்கள். மீன் செத்ததைச் சொன்னபோது மட்டும் "தண்ணி மாத்துங்க சார்" என்று வைத்துவிட்டார்கள்.

ஸ்டாண்டை மறந்துவிட்டேன். தண்ணி, கல், மணல் எல்லாம் சேர்த்து 150 கிலோ பக்கம் நிற்கிற இடம் அது, கொடுத்ததோ அமுக்கிய மரத்தூள் பலகை. ஸ்கிம்மரிலிருந்து தெறித்த தண்ணி பட்டு விளிம்பெல்லாம் உப்புப் பூத்து, நாலாம் மாதம் மேல் பலகை இட்லி மாதிரி உப்பிவிட்டது. பென்னாகரம் ரோட்டில் வெல்டிங் பட்டறையில் இரும்பு ஆங்கிளில் ஸ்டாண்டு அடித்தேன், 3,200 ரூபாய். பெயிண்ட் ரெண்டு கோட்டாவது அடிக்கச் சொல்லுங்கள். எனக்கு அவசரத்தில் ஒரே கோட்தான், பின்பக்க மூலையில் இப்பவே துரு எட்டிப் பார்க்கிறது.