ஆறு மாதம் டிபி மாத்திரை விழுங்கினேன், வந்திருந்தது சார்காய்டோசிஸ்

விடாத வறட்டு இருமலுக்கு "டிபி மாதிரி இருக்கு" என்ற ஒரே பேச்சில் மாத்திரை ஆரம்பித்தவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

சிடி ஸ்கேனில் இரண்டு நுரையீரல்களின் வேர்ப்பகுதியிலும் நெறிகட்டிகள் வீங்கியிருந்தன. முக்கி முனகி இரண்டு தடவை கொடுத்த சளியிலும் கிருமி இல்லை. அப்படியும் மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "டிபிதான், ஆறு மாசம் சாப்பிடுங்க" என்றார். பயாப்ஸி எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். தேவையில்லையாம்.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதுதான் மிச்சம். இருமல் அப்படியே இருந்தது. அசதி என்றதும் கால்சியமும் வைட்டமின் டியும் எழுதினார். ஆறு மாதம் முடிந்ததும் மறு ஸ்கேன்கூட எடுக்காமல், "இன்னும் மூணு மாசம்."

அந்த வாரம்தான் இடது கண் சிவந்து, ஜன்னல் வெளிச்சம் பட்டாலே குத்தியது. கண் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார்; விழிக்குள் அழற்சி. உடனே என் நெஞ்சு ஸ்கேனைக் கேட்டார். சார்காய்டோசிஸ் என்ற பெயரை அங்கேதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்; நுரையீரல், நெறிகட்டி, கண் என்று பல உறுப்புகளில் அழற்சிக் கட்டிகளை உண்டாக்கும் நோய் அது.

வேறொரு நுரையீரல் மருத்துவர் ஈபஸ் செய்தார். அரை மயக்கத்தில், முனையில் அல்ட்ராசவுண்ட் உள்ள குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டு, நெறிகட்டியிலிருந்து ஊசியால் திசு எடுப்பார்கள். கிரானுலோமா, அதாவது அழற்சி அணுக்கள் திரண்ட சிறு கட்டி, இருந்தது, ஆனால் டிபியில் வழக்கமாகக் காணும் நடுப்பகுதி அழுகல் இல்லை. மரபணுப் பரிசோதனையிலும் டிபி கிருமி இல்லை. ரத்தத்தில் கால்சியம் ஏறியிருந்தது. இந்த நோயில் கிரானுலோமாக்களே வீரியமுள்ள வைட்டமின் டியை உண்டாக்கி கால்சியத்தை ஏற்றிவிடும். அதற்கு மேல் நான் மாத்திரை வேறு விழுங்கியிருக்கிறேன்!

டிபியைச் சந்தேகித்தது தப்பே இல்லை. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். டிபியை விலக்காமல் சார்காய்டோசிஸுக்கான ஸ்டீராய்டைக் கொடுத்தால், இருக்கும் டிபி முற்றிவிடும். என் ஆதங்கம், திசு எடுக்காததும், கொஞ்சம்கூடக் குணம் தெரியாதபோதும் நின்று யோசிக்காததும்தான்.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் இரண்டு மாதமாகியும் மாற்றமில்லையென்றால், "எதை வைத்து டிபி என்கிறீர்கள்?" என்று கேளுங்கள், இன்னொரு மருத்துவரையும் பாருங்கள். ஏசிஇ என்ற நொதியின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து யாராவது சார்காய்டோசிஸ் என்று முடிவு கட்டினாலும் நம்பாதீர்கள். உறுதியானால் கண், ஈசிஜி, கால்சியம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பலருக்கு மருந்தில்லாமலே அடங்கிவிடும். எனக்குக் கண்ணும் கால்சியமும் கெட்டிருந்ததால் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு தேவைப்பட்டது. 30 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாகக் குறைத்து வருகிறார்கள்.

இருமல் நின்றுவிட்டது. இடது கண்ணின் மங்கல் மட்டும் இன்னும் போகவில்லை.