குன்யாவை விட்டு ஏழாவது வருஷம்

யாங்கோனில் இருப்பவர்களுக்குக் குன்யாவை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பச்சை வெற்றிலையில் தூரிகையால் சுண்ணாம்பைத் தடவி, வெட்டிய பாக்கு, காசுக்கட்டி, சோம்பு, கிராம்பு போட்டு, மேலே புகையிலைத் துணுக்கு வைத்து மடிப்பார்கள். மூன்று நான்கைச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு நீட்டுவார்கள். புகையிலையை இங்கே 'ஸே' என்பார்கள். மருந்துக்கும் அதே சொல்தான். இருபத்திரண்டு வருஷம் அந்த மருந்தைத் தின்றேன்.

பெயின்நௌங் சந்தையில் எனக்கு உளுந்துத் தரகு. மூட்டையில் குத்தூசி விட்டுச் சாம்பிள் எடுத்து, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்து, பேரம் முடிந்தால் ஒரு குன்யா. பேரம் முறிந்தால் அந்தக் கோபத்துக்கு ஒன்று. நாளைக்கு முப்பது வரை போகும். கடைக்காரப் பெண் என்னைத் தூரத்தில் கண்டதுமே சுண்ணாம்பு டப்பாவின் மூடியைத் திறந்துவிடுவாள்.

2018இல் ரசம் எரிய ஆரம்பித்தது. அம்மா வைக்கிற அதே ரசம்தான், ஆனால் கன்னத்தின் உள்பக்கம் தீ வைத்த மாதிரி இருக்கும். பல் டாக்டர் என் கையைப் பிடித்து, மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விடச் சொன்னார். இரண்டு நுழைந்தது. மூன்றாவது பல்லில் இடித்துக்கொண்டு நின்றது. உள்சதை நார் நாராக இறுகுகிறது, இது பாக்கின் வேலை, விட்டாலும் இறுகினது இளகாது, விடாவிட்டால் புற்றுநோய் வரைக்கும் போகலாம் என்றார்.

புகையிலை போடாமல் வெறும் வெற்றிலை பாக்கு போட்டால் ஒன்றுமில்லை என்று நம் ஆட்கள் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் உண்டாக்கும் என்று 1985இல் சொன்னது. புகையிலை இல்லாததும் அப்படித்தான் என்று 2004இல் சொன்னது. பாக்கிலேயே அரெக்கோலின் என்ற சரக்கு இருக்கிறது. அதுதான் 'இன்னொன்று' என்று கேட்கவைப்பது. இதெல்லாம் தெரிந்த பிறகும் டாக்டர் அறையிலிருந்து இறங்கி வந்து முதல் வேலையாக ஒரு பொட்டலம் வாங்கினேன். அறிவுக்கும் வாய்க்கும் நடுவே பெரிய தூரம் ஐயா.

சூயிங்கம், ஏலக்காய், கோவிலில் சத்தியம், எல்லாம் வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. கடைசியில் சந்தையில் ஒரு பெரியவர் விபாசனா தியானப் பத்து நாள் வகுப்புக்குப் போகச் சொன்னார். அவர் சொன்ன கதைதான் என்னைக் கிளப்பியது. இந்த வகுப்புகளைப் பரப்பிய எஸ்.என். கோயங்கா 1924இல் மாந்தலேயில் பிறந்தவர், நம்மைப் போல வியாபாரக் குடும்பம். தாங்க முடியாத ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுப் போட்டு, ஊசிக்கே அடிமையாகிவிடுவாரோ என்ற நிலை. வெளிநாட்டு டாக்டர்களாலும் முடியவில்லை. 1955இல் விபாசனா சொல்லிக்கொடுத்த ஊ பா கின்னிடம் போனார். ஊ பா கின் துறவி இல்லை. சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காளர், சர்க்கார் அதிகாரி. தலைவலிக்கு மருந்து தேடி வந்தாயானால் இங்கே வராதே என்று முதலில் திருப்பி அனுப்பிவிட்டாராம். எனக்கு அந்தக் கண்டிப்பு பிடித்திருந்தது.

2018 டிசம்பரில் போனேன். கட்டணம் கிடையாது, முடிந்த பிறகு மனமிருந்தால் கொடுக்கலாம். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். காலை நாலு மணிக்கு மணி அடிக்கும். பதினொரு மணிக்குச் சாப்பாடு, அதற்குப் பிறகு சாயங்காலம் டீயும் பழமும்தான். பத்தாம் நாள் காலை வரை பேச்சில்லை. ஒரு நாளைக்குச் சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சோப்பு டப்பாவுக்குள் ஆறு குன்யா ஒளித்துக் கொண்டுபோயிருந்தேன். இரண்டாம் நாள் இரவு குளியலறைப் பின்பக்கம் நின்று ஒன்றை மென்றேன். துப்பினேன். சிமெண்டுத் தரையில் சிவப்பு. மூன்று குவளை தண்ணீர் ஊற்றியும் போகவில்லை. நாற்பத்தாறு வயது ஆள் முழங்கால் போட்டு உட்கார்ந்து, செருப்பால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை மீதி ஐந்தும் கழிவறைக்குள் போயின. தியானத்தால் அல்ல, வெட்கத்தால்.

முதல் மூன்று நாளும் மூச்சு மூக்கு நுனியில் வந்து போவதைப் பார்ப்பது மட்டுமே. நாலாம் நாள்தான் உடம்பு முழுக்க நடப்பதைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அதிலிருந்து குழுவாக உட்காரும் ஒரு மணி நேரம் கை, காலை அசைக்கக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது. அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் குன்யா ஆசை வந்தது. எழுந்து போக வழியில்லை, அதனால் வேறு வேலையில்லாமல் அதைப் பார்த்தேன். நாக்கின் அடியில் எச்சில் சுரந்தது. தாடை காதோடு சேரும் இடத்தில் ஒரு இறுக்கம். காது மடல் சூடாயிற்று. நெஞ்சு லேசாக அவசரப்பட்டது. இவ்வளவுதான் அது. இருபத்திரண்டு வருஷமாக என்னை விரட்டியது காது ஓரத்து இறுக்கமும் ஒரு வாய் எச்சிலுமா! எரிச்சலாக இருந்தது. பார்க்கப் பார்க்க அது தளர்ந்து, இருந்த இடம் தெரியாமல் போயிற்று. 'அனிச்ச, அனிச்ச' என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள், எதுவும் நிலைப்பதில்லை என்று. அவர்கள் சொன்னது பாலிச் சொல். என் காதில் விழுந்தது மோந்தால் வாடுகிற அனிச்சப் பூ. பிறகு வெளியே வந்து கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஐந்திலிருந்து ஏழு நிமிஷம். அதற்கு மேல் ஆசை நின்றதில்லை. திரும்ப வரும், அது வேறு விஷயம்.

பத்து நாளில் சாந்தம் வந்துவிடும் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு: எனக்கு வரவில்லை. வீடு திரும்பிய முதல் மாதம் தூக்கமில்லை, எரிந்து விழுந்தேன். "ஏங்க, நீங்க அதையே போட்டுக்கிட்டு இருந்திருக்கலாம்" என்று வீட்டுக்காரியே சொன்னாள். காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி உட்காரச் சொல்லி அனுப்புவார்கள். மாலை உட்காரல் மூன்றாம் மாதமே நின்றது. காலையில் இன்றைக்கும் இருபது நிமிஷம் உட்காருகிறேன், அவ்வளவுதான்.

மீதியை இன்யா ஏரி செய்தது. வெள்ளைக்காரன் 1880களில் ஊருக்குத் தண்ணீர் கொடுக்க உண்டாக்கிய ஏரி அது. பியே ரோட்டுப் பக்கக் கரையில் விடிகாலை நடக்கப் போவேன். சாயங்காலம் போனால் குடைக்கு ஒரு ஜோடி உட்கார்ந்திருக்கும், நமக்குத்தான் கூச்சம். தூங்குமூஞ்சி மரங்கள் இரவெல்லாம் மடித்து வைத்த இலையை வெளிச்சம் வர வர விரிக்கும். அதைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, தூக்கு, நகர்த்து, வை என்று ஒவ்வொரு அடியையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டு நடப்பேன். இது இன்னொரு பர்மியத் தியான குருவான மஹாசி சயாடோ வழியில் நடக்கும் முறை. இரண்டு வழியையும் கலக்காதே என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நான் கலந்தேன். தரகனுக்கு எந்தக் கடையில் எது நல்ல சரக்கோ அங்கே வாங்கித்தான் பழக்கம்.

சந்தையில் நாற்காலியில் உட்கார்ந்தால் ஆசையோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும். ஏரிக்கரையில் அப்படியில்லை, தண்ணீர் மேல் காற்று கோடு போடுவதையும் கொக்கையும் பார்க்கும்போது ஆசையும் அவற்றில் ஒன்றாக வந்து போகும். ஏப்ரலில் முதல் மழைக்குப் படௌக் பூக்கும், நம் வேங்கை மரத்துக்குச் சொந்தம். ஒரே நாள் மஞ்சள், மறுநாள் அத்தனையும் நடைபாதையில் கிடக்கும். வகுப்பில் பத்து நாள் சொன்னதை அது ஒரு நாளில் சொல்லிவிடும்.

இடையில் ஒரு தடவை விழுந்தேன். 2021 ஜூலை. கொரோனாவில் யாங்கோனே ஆக்ஸிஜனுக்கு அலைந்த மாதம். மாமாவுக்காகக் காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து ராத்திரி முழுக்க வரிசையில் நின்றேன். விடியும்போது பக்கத்தில் நின்றவர் ஒன்றும் பேசாமல் பையைப் பிரித்து நீட்டினார். வாங்கிப் போட்டுக்கொண்டேன். அன்றைக்குப் பார்க்கவும் தோன்றவில்லை, மூச்சும் தோன்றவில்லை. மாமா பிழைக்கவில்லை. நான் நாலு மாதம் பழையபடி மென்றேன். அந்த மனிதர் மேல் இன்றுவரை கோபமில்லை. அவரிடம் கொடுக்க இருந்தது அதுதான். நவம்பரில் மறுபடி ஏரிக்குப் போக ஆரம்பித்தேன், விட்டது. வருஷக் கணக்கில் அந்த நாலு மாதத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை யாருக்கு ஒத்துவராது என்றும் சொல்லிவிடுகிறேன். நாள் தவறாமல் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்திவிட்டு இப்படிப் போய் உட்காரக் கூடாது. கை நடுக்கம், வலிப்பு வரைக்கும் போய் உயிருக்கே ஆபத்தாகும், முதலில் டாக்டர். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் வெட்கப்படாமல் நாற்காலி கேளுங்கள். நான் கேட்காமல் ஆறு மாதம் நொண்டினேன்.

வாய் இன்னும் இரண்டு விரலும் கொஞ்சமும்தான். ரசம் எரிவது குறைந்திருக்கிறது. கல்யாண வீட்டுத் தாம்பூலத்தை மறுக்க முடியாது, வாங்கி வந்து தேங்காயை அடுப்படியிலும் வெற்றிலை பாக்கை அம்மாவிடமும் கொடுத்துவிடுவேன். அம்மாவையும் விடச் சொல்லிப் பார்த்தேன். "பத்து நாள் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு வந்தவன் எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டான்டா" என்றாள். அவளுக்குப் பல் கிடையாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சின்ன இரும்பு உரலில் போட்டு இடிப்பாள். டொக், டொக் என்று பக்கத்து அறையில் கேட்கும்போது இன்றைக்கும் எனக்கு நாக்கடியில் ஊறுகிறது.