திருப்பாதிரிப்புலியூர் செக்கு எண்ணெய்க் கடை: சரக்கு நன்று, பலகை பாதி உண்மை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீசுவரர் கோயிலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் உள்ள இந்த மரச்செக்குக் கடையில் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றோடு உப்பில்லாத வெண்ணெயும் நெய்யும் விற்கிறார்கள். சரக்கைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. கல்லாவுக்கு மேலே தொங்கும் பலகையைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய் எவ்வளவு சாப்பிட்டாலும் இதயத்துக்குக் கெடுதல் இல்லை என்றும், ரீஃபைண்ட் எண்ணெய்தான் விஷம் என்றும் அதில் எழுதியிருக்கிறது.

பின்கட்டில் மோட்டாரில் ஓடும் வாகைமரச் செக்கில் எள் ஆட்டும்போது கருப்பட்டியைத் தட்டிப் போடுவதை வாடிக்கையாளர் நின்று பார்க்கலாம். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. நிலக்கடலை ரகங்கள் பிறந்த மாவட்டம் இது, கடலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த கடலையில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு, பலகை திட்டும் அதே சுத்திகரிப்பில் பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் ஆட்டி வெறுமனே தெளியவைத்த எண்ணெயிலோ ஓரளவு தங்கிவிடும். இங்கே ஆட்டுவதற்கு முன்பு கறுத்ததும் சுருங்கியதுமான பருப்பை ஓர் அம்மா முறத்தில் பொறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். பாக்கெட் எண்ணெயைவிடக் கூடுதலாகக் கேட்கும் விலையை அந்த ஒரு வேலைக்காகவே கொடுக்கலாம்.

வெண்ணெய் எவர்சில்வர் தூக்கில் தண்ணீரில் மிதக்கிறது. கேட்ட அளவுக்கு உருட்டி, நீரைத் தட்டி எடுத்து, வாழையிலையில் வைத்து நிறுத்துத் தருகிறார்கள். தயிரைக் கடைந்து எடுத்ததால் லேசான புளிப்பு இருக்கிறது. முருங்கைக் கீரை போட்டு உருக்கினால் நெய் மணல் மணலாக உறைகிறது. சுவையில் நான் இதற்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

உடம்புக்கு நல்லதா என்பது வேறு கணக்கு. கடையில் பொட்டலமாக விற்கும் வெண்ணெய் 100 கிராமில் ஏறக்குறைய 50 கிராம், கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு. நீர் கூடுதலாக உள்ள இந்த வெண்ணெயில் சற்றுக் குறையலாம். நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு, மொத்தக் கலோரியில் 10 விழுக்காடு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பின்படி நிறைவுற்ற கொழுப்பு சுமார் 22 கிராமைத் தாண்டக்கூடாது. அடைக்குத் தொட்டுக்கொள்ளும் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயிலேயே அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. பாலும் தேங்காய்ச் சட்னியும் இனிமேல்தான் வரவேண்டும்.

பலகை எழுதியவர் முழுக்கக் கற்பனை செய்யவில்லை. 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளிவந்த ஆய்வுக்கட்டுரை ஒன்று, நிறைவுற்ற கொழுப்புக்கும் இதய நோய்க்கும் தெளிவான தொடர்பு தென்படவில்லை என்றதும், வெண்ணெய்மீது இருந்த பழி நீங்கிவிட்டதாக உலகமே பேசியது. அந்தப் பேச்சில் விட்டுப்போனது, வெண்ணெயைக் குறைத்தவர் அதற்குப் பதிலாக எதைச் சாப்பிட்டார் என்ற கேள்வி. மைதாவையும் சர்க்கரையையும் கூட்டிக்கொண்டால் இதயத்துக்கு ஆதாயமில்லை. நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த எண்ணெய்க்கு மாறினால் எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்டிராலும் மாரடைப்பு அபாயமும் குறைகின்றன. எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு மிகுந்த பழைய வனஸ்பதியைவிட வெண்ணெய் மேல் என்பதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அந்த டிரான்ஸ் கொழுப்புக்கு இந்தியாவில் 2022 முதல் 2 விழுக்காடு என்று உச்சவரம்பே வைத்துவிட்டார்கள்.

தேங்காய் எண்ணெய்ப் புட்டியில் ‘கொலஸ்டிரால் இல்லாதது’ என்று ஒட்டியிருப்பது பொய்யில்லை, பெருமையுமில்லை. தாவர எண்ணெய் எதிலுமே அது கணக்கில் கொள்ளும் அளவுக்கு இருப்பதில்லை. தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிறைவுற்றது, அதாவது வெண்ணெயைவிடவும் அதிகம். பலகையில் இடம்பிடிக்க வேண்டியது, ஏறக்குறைய 15 விழுக்காடு மட்டுமே நிறைவுற்ற கொழுப்புள்ள இவர்களுடைய நல்லெண்ணெய்தான். அதன் பெயரோ அங்கே இல்லவே இல்லை!

புட்டிகளில் ஆட்டிய தேதியைக் குறிக்கலாம். கடலை எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமலிருக்க அரை லிட்டராக வாங்குவதே நல்லது. வெண்ணெய் வேண்டுமென்றால் காலை பத்து மணிக்குள் போய்விட வேண்டும்.