கில்கென்னியில் ஒரு வார இறுதி: பேராலயத்திலிருந்து தொடங்குங்கள்

அயர்லாந்துக்குச் செல்பவர்கள் டப்ளினையும் மேற்குக் கடற்கரையின் செங்குத்துப் பாறைகளையும் பார்த்துவிட்டுத் திரும்புவதே வழக்கம். இரண்டு பகல்கள் மட்டுமே கையில் இருப்பவர்களுக்கு, தென்கிழக்கே நோர் ஆற்றங்கரையில் அமைந்த கில்கென்னியையே நான் பரிந்துரைப்பேன். அங்கு வாழ்பவர்கள் சுமார் 27,000 பேர்தான். ஆயினும் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1609இல் வழங்கிய சாசனத்தின் வழியாக மாநகர் என்ற தகுதியைப் பெற்று, இன்றுவரை அந்தப் பெயரோடு வாழும் ஊர் அது. டப்ளினின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். இறங்கிய பிறகு வாடகைக் காரோ பேருந்தோ தேவைப்படாது. பார்க்க வேண்டியவை எல்லாம் நடந்தே போய்ச் சேரும் தொலைவில் இருக்கின்றன.

நகரின் ஒரு முனையில் கோட்டை, மறுமுனையில் புனித கேனிஸ் பேராலயம். இரண்டுக்கும் நடுவிலுள்ள தெருக்களைச் சுற்றுலாத் துறையினர் 'மீடீவல் மைல்', அதாவது இடைக்கால மைல், என்று அழைக்கிறார்கள். இடைக்காலத்தில் இவை ஒரே ஊராக இருக்கவில்லை. கோட்டையின் நிழலில் ஆங்கிலேயக் குடியேறிகளின் நகரும், பேராலயத்தைச் சுற்றி 'ஐரிஷ்டவுன்' என்ற தனி ஊரும் இருந்தன. பெரும்பாலான பயணிகள் கோட்டையில் தொடங்கி, வழியெங்கும் கடைகளில் நின்று, கால் ஓய்ந்த நேரத்தில் பேராலயத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் முதன்மையான ஆலோசனை.

பேராலயம் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் அருகில் நிற்கும் வட்டக் கோபுரம் அதைவிடவும் பழையது. சுமார் 30 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தின் உச்சிவரை ஏற அனுமதி உண்டு. அயர்லாந்தில் இன்றும் பல வட்டக் கோபுரங்கள் நிற்கின்றன என்றாலும், பொதுமக்கள் உள்ளே ஏறிச் செல்லக்கூடியவை மிகச் சிலவே. உள்ளே இருப்பவை செங்குத்தான மர ஏணிகள். ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். முழங்கால் வலி உள்ளவர்களும் நெருக்கமான இடங்களில் மூச்சுமுட்டுபவர்களும் இதைத் தவிர்ப்பது நல்லது. வானிலை மோசமானால் ஏற விடமாட்டார்கள் என்பதால், காலையில் வானம் தெளிவாக இருந்தால் முதல் வேலையாக இதை முடித்துவிடுங்கள். மேலிருந்து பார்க்கும்போது கூரைகளுக்கு அப்பால் கோட்டையும், இரண்டுக்கும் நடுவே தெருக்கள் வளைந்து செல்லும் விதமும் தெரிகின்றன. கையில் உள்ள வரைபடம் சொல்லாததை அந்தக் காட்சி சொல்லிவிடுகிறது.

பேராலயத்துக்குள் அவசரப்படாமல் பார்க்க வேண்டியவை கல்லறைச் சிற்பங்கள். 1539இல் இறந்த ஓர்மண்ட் பிரபு பியர்ஸ் பட்லரும் அவர் மனைவி மார்கரெட் ஃபிட்ஸ்ஜெரால்டும் கரிய நிறக் கல்லில் சிலைகளாக அருகருகே படுத்திருக்கிறார்கள். கவசத்தின் விளிம்பு முதல் ஆடையின் மடிப்பு வரை சிற்பி பொறுமையோடு செதுக்கியிருக்கிறார். 'கில்கென்னி மார்பிள்' என்று புகழ்பெற்ற இந்தக் கல் உண்மையில் பளிங்கு அன்று. மெருகேற்றினால் கன்னங்கரேலென்று பளபளக்கும் ஒருவகைச் சுண்ணாம்புக்கல். உற்றுப் பார்த்தால் அதில் கடல் உயிரிகளின் வெண்ணிறப் புதைபடிவங்கள் தென்படும். இதை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால், நகரில் பிறகு நடக்கும் ஒவ்வொரு தெருவிலும் கண்கள் இந்தக் கல்லைத் தேடத் தொடங்கிவிடும். 1761இல் கட்டப்பட்ட தால்செல் என்னும் நகர மன்றக் கட்டடத்திலும் இதே கல்தான். 1650இல் ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல்லின் படைகள் பேராலயத்தின் கூரையையும் சாளரங்களையும் சிதைத்த பிறகும் இவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பது எனக்குப் பெரும் வியப்பாகவே இருந்தது.

அங்கிருந்து தெற்கே நடந்தால் ராத் மாளிகை வரும். 1594க்கும் 1610க்கும் இடையில் ஜான் ராத் என்ற வணிகர், பன்னிரண்டு பிள்ளைகளைக் கொண்ட தம் குடும்பத்துக்காக ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய மூன்று வீடுகள் இவை. நடுவில் முற்றங்களும், பின்னால் 17ஆம் நூற்றாண்டு முறையில் மீட்டமைக்கப்பட்ட காய்கனித் தோட்டமும் உள்ளன. அரசர்களின் கோட்டைகளைவிட ஒரு வணிகரின் வீடு அக்கால வாழ்க்கையை எவ்வளவு நெருக்கமாகக் காட்டுகிறது என்பதை இங்கே உணரலாம். 1225இல் நிறுவப்பட்ட டொமினிக்கன் துறவிகளின் பிளாக் ஆபி என்னும் மடாலயத்தில், வண்ணக் கண்ணாடிச் சாளரத்தைக் காணச் சிறிது நேரம் போதும்.

கோட்டையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பட்லர் குடும்பம் 1391இல் வாங்கி, 1935 வரை குடியிருந்த கோட்டை அது. 1967இல் வெறும் 50 பவுண்டுக்கு நகரத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு பக்கச் சுவர் இல்லாததால் முற்றம் நேராகப் பூங்காவை நோக்கித் திறந்துகிடக்கிறது. நீண்ட ஓவியக் கூடத்தின் மர உத்தரங்களில் பொன் பூசிய பறவை, விலங்குத் தலைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைப் பார்ப்பதற்காகவே நுழைவுச் சீட்டு வாங்கலாம். மற்ற அறைகள் 19ஆம் நூற்றாண்டுச் செல்வர் வீட்டு அலங்காரமாக மீட்டமைக்கப்பட்டவை. வேறு மாளிகைகளைப் பார்த்தவர்களுக்கு அவை புதியனவாகத் தோன்றா. கட்டணமில்லாத பூங்காவும், எதிரே பழைய குதிரை லாயங்களில் இயங்கும் கைவினைக் கடைகளும் எனக்கு அதிக நிறைவைத் தந்தன. 1963இல் அயர்லாந்து அரசு தொடங்கிய வடிவமைப்புப் பட்டறைகள் இந்த லாயங்களில்தான் இயங்கின; மண்பாண்டம், கம்பளி, வெள்ளி வேலைகளில் இந்த ஊருக்கு உள்ள பெயர் அவற்றிலிருந்து வந்தது.

ஒன்று மட்டும் என்னை வருத்தியது. 1324இல் ஆலிஸ் கிட்லர் என்ற செல்வப் பெண்மணி சூனியக்காரி என்று குற்றம்சாட்டப்பட்டுத் தப்பியோடினார். அவருடைய பணிப்பெண் பெட்ரோனில்லா உயிரோடு எரிக்கப்பட்டார். இந்த நகரில் அது விளையாட்டுக் கதையாக, நினைவுப்பொருளாக விற்கப்படுகிறது. ஓர் ஏழைப் பெண்ணின் சாவுக்கு இதைவிடக் கண்ணியமான நினைவு வேண்டும். மாறாக, 1366இல் இங்கே இயற்றப்பட்ட சட்டங்கள் குடியேறிகள் ஐரிஷ் மொழி பேசுவதையும், மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் அயர்லாந்தின் மரபு ஆட்டமான ஹர்லிங் ஆடுவதையும் தடைசெய்தன என்பதை உரக்கச் சொல்லிப் பெருமைப்படலாம். ஏனெனில் அகில அயர்லாந்து ஹர்லிங் பட்டத்தை 36 முறை வென்று முதலிடத்தில் நிற்பது கில்கென்னி அணிதான். கறுப்பும் பொன்மஞ்சளும் கலந்த அதன் கொடிகளை வீட்டு வாசல்களில் காணலாம். நோலன் பார்க் மைதானத்தில் ஆட்டம் இருந்தால் அதற்காக மற்றொன்றைக் கைவிடலாம்.

உணவில் காய்கறி சூப்பும் சோடா பிரெட்டும் சைவர்களுக்கு எங்கும் கிடைக்கும். இரவு ஒன்பது மணியை ஒட்டிப் பல பப்களில் சமையலறையை மூடிவிடுவதால் முன்னதாகச் சாப்பிட்டுவிடுங்கள். திருமணத்துக்கு முந்தைய விருந்துக் கூட்டங்கள் நாடு முழுவதிலிருந்தும் இங்கே வருவதால் சனிக்கிழமை இரவில் மையத் தெருக்களில் கூச்சல் நள்ளிரவைத் தாண்டும். மையத்தில் ஒரு விடுதியில் தங்கிய எனக்கு அன்று தூக்கமே இல்லை. ஆற்றின் மறுகரையில், ரயில் நிலையத்தின் பக்கம் அறை எடுப்பது உத்தமம். ஞாயிறு முற்பகலில் பேராலயத்தில் வழிபாடு நடக்கும் என்பதால், பேராலயத்தையும் ராத் மாளிகையையும் சனிக்கிழமைக்கும், கோட்டையையும் ஆற்றோர நடையையும் ஞாயிற்றுக்கிழமைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.