வைஃபை பாதுகாப்பு: ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பார்த்ததில் நிலைத்தவை, தூக்கி எறிந்தவை

ரூட்டரை மாட்டிய முதல் நாளில் எந்த நெட்வொர்க்கும் பாதுகாப்பாகத்தான் இருக்கும். ஒரு வருடம் கழித்துத் திறந்து பாருங்கள். வந்து போனவர்கள் எல்லோருடைய போனிலும் பாஸ்வேர்டு உட்கார்ந்திருக்கும். பழைய பிரிண்டர் ஒன்று இணையவில்லை என்று யாரோ பாதுகாப்பு முறையை ஒரு படி இறக்கி வைத்திருப்பார்கள். நெட் வரவில்லை என்று இன்னொருவர் ரீசெட் பட்டனை அழுத்தியதில், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பழைய பாஸ்வேர்டே திரும்ப வந்திருக்கும். அதனால் ஒரு செட்டிங் எவ்வளவு வலிமையானது என்று மட்டும் பார்த்தால் போதாது. கவனிக்க ஆளில்லாமல் விட்டாலும் அது நிற்குமா என்றும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் தேறுபவை சிலதான்.

முதலாவது பாஸ்வேர்டின் நீளம். டபிள்யூபிஏ2 என்ற பரவலான வைஃபை பாதுகாப்பு முறையில் ஓடும் நெட்வொர்க்கை உடைக்க வருபவர் உங்கள் ரூட்டரிடம் வந்து ஒவ்வொரு பாஸ்வேர்டாகத் தட்டிப் பார்ப்பதில்லை. உங்கள் போனை ஒரு கணம் துண்டித்துவிட்டு, அது மறுபடி இணையும்போது ரூட்டரோடு பரிமாறிக்கொள்ளும் நான்கு செய்திகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். மீதி வேலை முழுவதும் அவருடைய கணினியில் நடக்கும். ரூட்டருக்கு ஒன்றும் தெரியாது. தவறான முயற்சி என்று எந்தப் பதிவும் இருக்காது. 2018-இல் வெளியான இன்னொரு வழியில், பல ரூட்டர்களிடம் அந்த நேரத்தில் யாரும் இணைந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

கணக்கு போட்டுப் பார்த்தால் நிலைமை புரியும். இன்றைய நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் டபிள்யூபிஏ2 பாஸ்வேர்டுகளைச் சோதிக்கும். எட்டு இலக்க எண் இரண்டு நிமிடம் தாங்காது. பத்து இலக்கப் போன் எண்ணை பாஸ்வேர்டாக வைத்தால் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதே வேகத்தில், 7776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டி எடுத்த ஐந்து சொற்களை முழுவதும் சோதிக்கச் சுமார் ஒன்பது லட்சம் ஆண்டுகள் ஆகும். சொற்களைப் பகடைதான் தேர்ந்தெடுக்க வேண்டும், நாமல்ல. பாட்டு வரியோ பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமுமோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஊகிப்பவரின் பட்டியலில் முன்வரிசையில் இருக்கும்.

நீண்டநாள் பயன்பாட்டில் இன்னொன்றும் தெரியவரும்: சின்ன எழுத்துகளும் இடையில் கோடும் மட்டும் உள்ள பாஸ்வேர்டே நிம்மதி. மேற்கோள் குறி, இடைவெளி, அரிதான குறியீடு ஆகியவற்றைச் சில பிரிண்டர்களும் மலிவான கேமராக்களும் சரியாக வாங்கிக்கொள்வதில்லை. டிவி ரிமோட்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று மாற்றி மாற்றி அடிக்க நொந்துபோய்த்தான் பலர் கடைசியில் பாஸ்வேர்டைச் சுருக்கிவிடுகிறார்கள். 63 எழுத்து வரை இடம் இருக்கிறது. நீளத்தில் கிடைக்கும் பலத்தைக் குறியீட்டில் தேட வேண்டாம்.

ரூட்டரோடு வந்த நெட்வொர்க் பெயரையும் மாற்றிவிடுங்கள். பாஸ்வேர்டிலிருந்து சாவியை உருவாக்கும் கணக்கில் அந்தப் பெயரும் கலக்கிறது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் வைத்திருக்கும் பெயர் என்றால், அதற்கு முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த பட்டியலை உங்கள் மீதும் பயன்படுத்தலாம். வீட்டு எண், அலுவலகப் பெயர் எதுவும் அதில் வேண்டாம்.

அடுத்தது டபிள்யூபிஏ2-க்குப் பின் வந்த டபிள்யூபிஏ3. பிடித்துக்கொண்டு போய் வீட்டில் உட்கார்ந்து ஊகிக்கும் வழியை இது அடைத்துவிடுகிறது. ஒவ்வொரு ஊகத்துக்கும் ரூட்டரிடம் நேரில் வந்தாக வேண்டும். அலுவலகங்களுக்கு இதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. டபிள்யூபிஏ2-இல் பாஸ்வேர்டு தெரிந்த எவரும், பக்கத்து மேசைக்காரர் இணையும் தருணத்தைப் பிடித்துவிட்டால் அவருடைய வைஃபை போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கலாம். டபிள்யூபிஏ3-இல் பாஸ்வேர்டு தெரிந்தாலும், பிடித்து வைத்த பதிவைக் கொண்டு அப்படிச் செய்ய முடியாது. 2019-இல் இதிலும் சில ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு, ரூட்டரின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரின் அப்டேட் மூலம் அடைக்கப்பட்டன. அதனால் வாங்கிய நாளிலிருந்து அப்டேட் செய்யாத டபிள்யூபிஏ3 ரூட்டரை முழுதாக நம்ப வேண்டாம்.

பழைய கருவிகள்தான் இதில் தலைவலி. இரண்டும் கலந்த முறையை வைத்தால் பெரும்பாலானவை இணையும். ஆனால் உங்கள் நெட்வொர்க்கின் பெயரிலேயே டபிள்யூபிஏ2 மட்டும் பேசும் போலி ரூட்டரை வைத்து, கலப்பு முறையில் பழகிய போனை ஏமாற்றி அதே பழைய ஊகிப்புக்கு வழி செய்ய முடியும். ஆகவே கலப்பு முறையிலும் பாஸ்வேர்டு நீளமாகத்தான் இருக்க வேண்டும். இன்னொரு சிக்கல், துண்டிப்புத் தாக்குதலைத் தடுக்கும் பிஎம்எஃப் என்ற செட்டிங். அதைக் 'கட்டாயம்' என்று வைத்தால் பழைய பிரிண்டரும் ஸ்மார்ட் பிளக்கும் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் 'பாஸ்வேர்டு தவறு' என்று அடம்பிடிக்கும், அல்லது பாதி வழியில் நின்றுவிடும். ஆட்கள் பாஸ்வேர்டையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பார்கள். காரணம் அங்கே இல்லை. நீண்ட காலம் தொல்லையில்லாமல் ஓடும் ஏற்பாடு இது: முதன்மை நெட்வொர்க்கில் டபிள்யூபிஏ3 மட்டும், பிஎம்எஃப் கட்டாயம். பழைய கருவிகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் மட்டும் கொண்ட தனி நெட்வொர்க். பட்டியலில் டிகேஐபி (ஏஇஎஸ்-க்கு முந்தைய மறையாக்க முறை) என்று எதைப் பார்த்தாலும் தொடாதீர்கள். அது பாதுகாப்பையும் கெடுக்கும், வேகத்தையும் 54 எம்பிபிஎஸ்-க்கு இறக்கிவிடும்.

பாஸ்வேர்டு அடிக்காமல் ஒரு பட்டனாலோ பின் (PIN) எண்ணாலோ கருவியை இணைக்கும் டபிள்யூபிஎஸ்-ஐ அணைத்தே ஆக வேண்டும். அந்தப் பின் எண்ணில் எட்டு இலக்கம் இருந்தாலும் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. மீதி ஏழையும் ரூட்டர் நான்கு, மூன்று என்று இரண்டு துண்டாகச் சரிபார்க்கிறது. ஒரு கோடியாக இருக்க வேண்டிய முயற்சிகள் 10,000-மும் 1,000-மும் சேர்ந்து 11,000 ஆகச் சுருங்கிவிடுகின்றன. இது 2011 டிசம்பரில் வெளிவந்த விஷயம். பின் எண் கிடைத்தால் ரூட்டரே பாஸ்வேர்டை எடுத்துக் கொடுத்துவிடும். ஐந்து சொல் பாஸ்வேர்டு வைத்தும் பயனில்லை. அணைத்த பிறகு வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றில் உங்கள் நெட்வொர்க் பெயருக்குக் கீழே டபிள்யூபிஎஸ் என்ற குறி மறைந்ததா என்று பாருங்கள். அணைத்ததாகக் காட்டிவிட்டு உள்ளே வேலை செய்துகொண்டே இருந்த ரூட்டர்கள் உண்டு. ஒவ்வொரு ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பிறகும் இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தூக்கி எறிந்தவை இரண்டு. நெட்வொர்க் பெயரை மறைத்து வைப்பது முதலாவது. இணையும் ஒவ்வொரு கருவியும் அந்தப் பெயரைக் காற்றில் சொல்லித்தான் இணைகிறது. அதுமட்டுமல்ல, மறைத்த பெயரைத் தேடி உங்கள் போன் போகிற இடமெல்லாம் கூவிக்கொண்டே போகும். இரண்டாவது மேக் முகவரி வடிகட்டல், அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணைப் பார்த்து உள்ளே விடுவது. அனுமதித்த முகவரி ஒன்றைக் காற்றிலிருந்து படித்துத் தன் முகவரியாக மாற்றிக்கொள்ள ஒரு கட்டளை போதும். இன்றைய போன்கள் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் தாமே ஒரு முகவரியை உருவாக்கி வைத்துக்கொள்வதால், இந்தப் பட்டியல் உங்கள் வீட்டு ஆட்களைத்தான் வெளியே நிறுத்தும்.

எல்லாவற்றிலும் அதிகம் பலன் தந்தது, அதே ரூட்டரில் விருந்தாளிகளுக்கென்று தனியாகப் பிரித்து வைக்கும் கெஸ்ட் நெட்வொர்க். விருந்தாளிகளின் போன், கேமரா, ஸ்மார்ட் பல்பு, டிவி எல்லாம் அதில்; வேலைக் கணினியும் சொந்தப் போன்களும் சேமிப்பகமும் மட்டும் முதன்மையில். பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாது. வாங்கியவர் தன் போனில் கியூஆர் கோடாகக் காட்டி மூன்றாவது ஆளுக்கும் கொடுக்கலாம். முதன்மை பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காமல் இருந்தால்தான் அதை மாற்றும் தேவையே வராது. பத்துப் பதினைந்து கருவிகளில் ஒவ்வொன்றாகத் திரும்ப அடிக்க நேர்வதாலேயே யாரும் மாற்றுவதில்லை. ரூட்டர் மூன்று பெயர் வைக்க விட்டால் பல்புகளுக்கு ஒன்று, விருந்தாளிகளுக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். விருந்தாளி பாஸ்வேர்டை மாற்றும்போது பல்புகள் அணையாது.

தொல்லை எங்கே வரும் என்றும் சொல்ல வேண்டும். கெஸ்ட்டில் உள்ள டிவிக்கு முதன்மையில் உள்ள போனிலிருந்து படம் அனுப்ப முடியாது. பிரிண்டர் கண்ணில் படாது. கோளாறு இல்லை, பிரிப்பு வேலை செய்கிறது என்று பொருள். பிரிண்டரை முதன்மைக்கு மாற்றுங்கள், அல்லது கேபிள் போடுங்கள். டிவிக்குப் படம் அனுப்பும் போனை அந்த நேரம் மட்டும் கெஸ்ட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு 'கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரி' என்ற ஐசொலேஷன் செட்டிங் அணைந்திருக்க வேண்டும். ஸ்மார்ட் பல்பை முதன்முறை அமைக்கும்போது பெரும்பாலும் போனும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். இது தெரியாவிட்டால் பல்பே கெட்டுவிட்டது என்று தோன்றும்.

ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் செய்ய வேண்டியது குறைவு: வைஃபை பாஸ்வேர்டிலிருந்து வேறுபட்ட அட்மின் பாஸ்வேர்டு, தானியங்கி அப்டேட், வெளியிலிருந்து நிர்வகிக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் முடக்கம். 2016-இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது ஆலையில் வைத்த பாஸ்வேர்டுகளை வைத்தே. உள்ளே இருக்கும் கருவிகள் கேட்காமலேயே ரூட்டரில் வெளியிலிருந்து வரும் வழிகளை (போர்ட்) திறக்க விடும் யூபிஎன்பி-யையும் அணையுங்கள், ஆன்லைன் விளையாட்டு ஏதேனும் நின்றால் அதற்குத் தேவையான போர்ட்டை மட்டும் கையால் திறக்கலாம். தயாரிப்பாளர் அப்டேட் தருவதை நிறுத்திவிட்ட ரூட்டரை, நன்றாக ஓடுகிறதே என்று வைத்திருப்பது ஆபத்து.

இணைந்த கருவிகளின் பட்டியலைப் பார்த்துப் பலர் பதறுவது தேவையில்லாதது. மேக் முகவரியின் இரண்டாவது இடத்தில் 2, 6 அல்லது ஆங்கில ஏ, ஈ இருந்தால் பெரும்பாலும் அது போன் தானே உருவாக்கிக்கொண்ட முகவரி. மற்றவற்றுக்கு ஒவ்வொரு கருவியாக அணைத்து, எந்த வரி மறைகிறது என்று பார்த்துப் பெயர் சூட்டிவிடுங்கள். அடுத்த முறை பெயரில்லாத வரி மட்டுமே கண்ணில் படும்.

பத்துப் பேருக்கு மேல் உள்ள அலுவலகத்தில் பொது பாஸ்வேர்டே தவறான கருவி. ஒருவர் வேலையை விட்டுப் போகும்போதெல்லாம் மாற்ற வேண்டும், மாற்ற மாட்டார்கள். ஆளுக்கொரு கணக்கு கொடுக்கும் 802.1எக்ஸ் முறையில், போனவரின் கணக்கை மூடினால் முடிந்தது. அதில் பலர் கோட்டை விடும் இடம், எதிரே இருப்பது உண்மையான அலுவலக சர்வர்தானா என்று அதன் சான்றிதழைச் சரிபார்க்கும் செட்டிங். அதை ஊழியர் கணினிகளில் கட்டாயமாக்காவிட்டால், அதே பெயரில் நிற்கும் போலி ரூட்டரிடம் கணக்கு விவரத்தை நீட்டிவிடும். வரவேற்பறைச் சுவரில் உயிரோடு இருக்கும் லேன் சாக்கெட்டையும் மறக்காதீர்கள். அதில் கேபிள் செருகுபவருக்கு வைஃபை பாஸ்வேர்டே தேவையில்லை.

யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று உறுதியானால் வரிசை முக்கியம். இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு ரீசெட் செய்யுங்கள். அட்மின் பாஸ்வேர்டு, புதுப் பெயர், புது பாஸ்வேர்டு, டபிள்யூபிஎஸ் முடக்கம் எல்லாம் முடிந்த பிறகே கேபிளை மாட்டி உடனே ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு எடுத்து வைத்த செட்டிங் பேக்கப் கோப்பை ஏற்றாதீர்கள். வந்தவர் டிஎன்எஸ் முகவரியை (தளத்தின் பெயரைக் கொண்டு அதன் இடத்தைக் கேட்டறியும் சர்வரின் முகவரி) மாற்றி வைத்த பிறகு எடுத்த கோப்பாக இருந்தால், அதுவும் கூடவே திரும்பி வரும்.