ஹட்டன்ல வாங்குன இந்தியன் இங்க்கும் ஒரு பிரஷ்ஷும்: ரெண்டு மாசம் பாவிச்ச பொறகு

மொதல்லயே சொல்லிர்றேன், இங்க் நல்ல சாமான், பிரஷ் குப்ப. அவசரமா இருக்குறவங்க இதோட போகலாம், மத்தவங்க ஒரு பிளேன்டி ஊத்திக்கிட்டு வாங்க, கத கொஞ்சம் நீளம்.

நான் இவ்வளவு நாளும் போன்ல வெரலாலேயே கார்ட்டூன் கீறுறவன். தேயிலத் தோட்டத்து சம்பளப் பிரச்சின, ஒழுகுற லயத்துக் கூர, எலக்‌ஷன் நேரம் மட்டும் காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கு வந்து கும்புடு போடுறவங்க, இதுகதான் நம்ம சரக்கு. பிழைச்சா அன்டூ, திரும்பப் பிழைச்சா திரும்ப அன்டூ, ஒரு மூக்குக்கு நாப்பது தடவ அழுத்தி அழுத்தி கடைசியில பாத்தா மூக்கு சரியா இருக்கும் மூஞ்சில உசிர் இருக்காது. அந்த நேரம்தான் இந்தியாவுல பேர்போன கார்ட்டூன்காரர் ஆர்.கே. லக்ஷ்மணனப் பத்தி தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். மனுசன் டைம்ஸ் ஒஃப் இந்தியா பேப்பர்ல அம்பது வருசத்துக்கும் மேல கீறினவரு, அதுவும் பிரஷ்ஷ இந்தியன் இங்க்ல தொட்டுத் தொட்டு. அப்ப வித்த எல்லாம் சாமான்லதான் இருக்குன்னு நான் முடிவு பண்ணிட்டேன், வேற என்னா.

கட பேரு வேணாம். டவுன்ல புள்ளைங்களுக்கு கொப்பி, பிரிஸ்டல் போர்ட் எல்லாம் வாங்குற சாதாரண புத்தகக் கடதான். "இந்தியன் இங்க்கா, அத இப்ப யாரு தம்பி கேக்குறா"ன்னு சொல்லிக்கிட்டே மொதலாளி ஏணி போட்டு ஏறி மேல் தட்டுல இருந்து ஒரு போத்தல எடுத்து சாரத்துலயே தூசி தொடச்சி குடுத்தாரு. பிரஷ் ரெண்டாம் நம்பர், "அசல் முடி தம்பி, கொட்டாது"ன்னாரு. ரெண்டுக்கும் சேத்து குடுத்த காசு எங்கம்மா தேயில மலையில ஒரு நாள் பேர் போட்டு எடுக்குற சம்பளத்துக்கு கிட்டத்தட்ட வரும், அத வீட்டுல நான் சொல்லல.

இங்க் நெசமாவே கருப்பு. கரிப்பொடியில செய்யிறது, காஞ்சிட்டா மேல தண்ணி பட்டாலும் கலையாது. ஆனா காயணுமே! நம்ம ஊர்ல சூன் ஜூலையில துணியே மூணு நாளைக்குக் காயாது, இது எங்க காயுறது. காத்தாலயில கீறின கோட்ட மத்தியானம் கை பட்டு இழுத்துட்டேன். அப்பறம் அடுப்புக்கு மேல கட்டியிருக்குற கம்பியில, கருவாட்டுக்குப் பக்கத்துல கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன், காஞ்சிது, ஆனா இன்னும் அந்தப் படத்துல நெத்தலி வாசம் அடிக்குது. இன்னொன்னு, டிமை பேப்பர்ல கீறாதீங்க, இங்க் ஊறி நூல் நூலா ஓடும். பிரிஸ்டல் போர்ட் வழவழப்புல கோடு அப்புடியே நிக்குது.

பிரஷ்ஷப் பத்தி என்னா சொல்ல. மொத நாளே முடி கொட்டிச்சி. ஒரு அமைச்சர கீறினேன், எந்த அமைச்சர்னு கேக்காதீங்க, மூக்குல ஒரு முடி ஒட்டி அப்புடியே இங்க்கோட காஞ்சிருச்சி, அது படத்துக்கு நல்லாத்தான் இருந்திச்சி. ஆனா ரெண்டாவது கிழம நுனி ரெண்டாப் பிரிஞ்சிட்டு, ஒரு கோடு இழுத்தா ரெண்டு கோடு விழுது. இதுல பாதி குத்தம் என்னோடது, கீறி முடிச்ச ஒடனே கழுவணும், விட்டா இங்க் முடியோட அடியில இறுகிப் போய் பிரஷ்ஷ விரிச்சிரும். நல்ல பிரஷ்ஷுக்கு சைபீரியாப் பக்கம் கீரி மாதிரி ஒரு பிராணியோட வால் முடி போடுவாங்களாம். இது என்னா முடின்னு தெரியல, மொதலாளி சொன்ன "அசல்" எந்த அசலோ.

சரி, இனி விசயத்துக்கு வாறேன். இங்க்ல அன்டூ கெடையாது. பிழைச்சா முழுப் போர்டும் போச்சி, போர்டு சும்மா வாறதில்ல. ரெண்டு மூணு போர்டு கிழிச்ச பொறகு பயத்துல கீறாம குந்திட்டேன், குந்திக்கிட்டே யோசிச்சேன், யார் எங்க நிக்கணும், எந்தக் கோடு தேவையே இல்ல. லக்ஷ்மணனும் அப்புடித்தானாம், காலையில ஓபிசுக்குப் போய் பேப்பர் எல்லாத்தையும் வாசிச்சிட்டு ஐடியாவுக்காக மணிக்கணக்கா குந்தியிருப்பாராம், பிரஷ்ஷத் தொடுறது அதுக்குப் பொறகுதான். நான் வேலையோட பின்பாதிக்கு மட்டும் சாமான் வாங்கியிருக்கேன்.

லக்ஷ்மணன பம்பாய்ல படம் கீற படிச்சிக் குடுக்குற ஜே.ஜே. ஸ்கூல்ல தெறம பத்தாதுன்னு சேக்கல, அது எல்லாருக்கும் தெரிஞ்ச கத. எனக்குப் புடிச்சது வேற. மைசூர்ல சின்னப் பையனா இருக்கக்குள்ள டேவிட் லோ (Low)ன்னு ஒரு கார்ட்டூன்காரரோட கார்ட்டூன்கள ஹிந்து பேப்பர்ல பாத்துப் பாத்து ரசிச்சிருக்காரு, ஆனா அடியில உள்ள கையெழுத்த "கவ்" (Cow)ன்னு வாசிச்சிட்டு ரொம்ப நாளா மாடுன்னு ஒருத்தர்தான் கீறுறாருன்னு நெனச்சிக்கிட்டு இருந்திருக்காரு. பொறகு காக்கா. வாழ்க்க முழுக்க காக்கா கீறியிருக்காரு. நானும் எங்க லயத்துக் கூரத் தகரத்துல குந்துற காக்காவ கீறிப் பாத்தேன், கோழி மாதிரி வந்திச்சி.

அவரோட கார்ட்டூன்ல எப்பவும் வர்ற அந்த காமன் மேன் (சாதாரண மனுசன்) இருக்காரே, வழுக்க மண்ட, காதோரம் வெள்ள முடி, கண்ணாடி, கட்டம் போட்ட கோட்டு, வேட்டி, எது நடந்தாலும் வாயே தொறக்காம பாத்துக்கிட்டு நிக்கிற ஆளு, அது மொதல்ல ஒரு ஆளே இல்லையாம். தமிழாள், வங்காளி, பஞ்சாபின்னு ஒரு கூட்டத்தையே கீறிக்கிட்டு இருந்தவரு, பேப்பருக்குக் குடுக்க நேரம் பத்தாம ஒவ்வொருத்தரா கொறச்சிக் கொறச்சி கடைசியில மிஞ்சினவருதான் இவரு. இத வாசிச்சப்போ சிரிச்சேன், அடுத்த வாரமே எனக்கும் அதே நடந்திச்சி. பஸ் ஹோல்ட்டுல அஞ்சு பேர் நிக்கிற மாதிரி ஒரு படம். நுனி பிரிஞ்ச பிரஷ்ஷால அஞ்சு மூஞ்சி கீற ஏலாது. கங்காணிய எடுத்தேன், ஸ்கூல் புள்ளைய எடுத்தேன், கொழும்புல கடையில நிக்கிற பையன எடுத்தேன், கடைசியில கொழுந்துக் கூடையோட எங்க அப்பாயி மட்டும் நிக்கிது, தலையில படங்குத் துண்டு, கண்ணு மட்டும் ரெண்டு புள்ளி. அதுதான் இதுவரைக்கும் நான் கீறினதுல உருப்படியான ஒன்னு. 2003ல பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பொறகும் லக்ஷ்மணன் கீறியிருக்காரு, நான் தடிமன்னு சொல்லி ரெண்டு கிழம போத்தலத் தொறக்கல.

போன சனிக்கிழம பிரஷ்ஷயும் அந்தப் படத்தையும் எடுத்துக்கிட்டு கடைக்குப் போனேன். மொதலாளி படத்த வெளிச்சத்துல புடிச்சி நல்லாப் பாத்தாரு, மோந்தும் பாத்தாரு, "கெழவி ஏன் தம்பி கருவாடு மணக்குது"ன்னாரு. பிரஷ்ஷ நீட்டினேன். "தண்ணி பட்ட சாமான் மாத்த மாட்டோம் தம்பி." இங்க் மட்டும் இன்னொரு போத்தல் வாங்கிட்டு வந்தேன்.