ரோமில் சீசர் நடைச் சுற்றுலா: போய் வந்த அனுபவம்

மகன் மிலானில் வேலை பார்க்கிறான். போன அக்டோபரில் அவனைப் பார்க்கப் போனபோது ரோமுக்கு என்று நான்கு நாள் ஒதுக்கினோம். முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். அதனால் மருமகள் தேடிப் பிடித்து, ஜூலியஸ் சீசரை மட்டும் வைத்து ஒரு நிறுவனம் நடத்தும் நடைச் சுற்றுலாவில் இடம் பதிவு செய்தாள். ஆளுக்கு 55 யூரோ, மொத்தம் எட்டுப் பேர், மூன்று மணி நேரம். கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்தது. குறைகளும் உண்டு, சொல்கிறேன்.

வழிகாட்டி தொல்லியல் படித்த பெண்மணி. எல்லோரும் நேரே மன்றத்துக்குள் (ஃபோரம் என்கிற பழைய ரோமின் பொதுச் சதுக்கம்) போக, அவர் எங்களைச் சாலையோரக் கம்பித் தடுப்பிலேயே நிறுத்திவிட்டார். கீழே சீசர் கட்டிய மன்றம். வீனஸ் கோயிலின் மூன்று தூண்கள்தான் இன்று நிமிர்ந்து நிற்கின்றன. "இந்த நிலத்துக்கு என்ன விலை கொடுத்திருப்பார்?" என்று கேட்டார். ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். நிலத்துக்கு மட்டும் 10 கோடி செஸ்டர்ஸுக்கு (அன்றைய ரோம நாணயம்) மேல் என்று ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். ரோம் நடுவில், ஏற்கெனவே வீடுகள் இருந்த இடத்தை வளைத்து வாங்கியது. பணம் வந்தது கௌலிலிருந்து, அதாவது இன்றைய பிரான்ஸ், பெல்ஜியம் பக்கத்திலிருந்து.

அந்த இடத்திலேயே நின்று அவர் சொன்ன கடன் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கி.மு. 61-இல் ஆளுநராக ஸ்பெயினுக்குக் கிளம்பிய சீசரைக் கடன்காரர்கள் விடவில்லை. ரோமின் பெரும் பணக்காரரான கிராசஸ் 830 டேலன்ட் (அன்றைய பெரிய பண அளவு) வரை ஜாமீன் நின்ற பிறகே கிளம்ப முடிந்தது. அடுத்த வருடம் வெற்றியோடு திரும்பினார். நகர எல்லைக்கு வெளியே காத்திருந்தால் வெற்றி ஊர்வலம் கிடைக்கும், ஆனால் தேர்தலில் நிற்க உள்ளே வந்தாக வேண்டும். ஊர்வலத்தை விட்டுவிட்டு உள்ளே வந்தார். கி.மு. 59-இல் கான்சல், அதாவது ரோமின் மிக உயர்ந்த ஆட்சிப் பதவி. அந்தப் பதவியில் இருக்கும்போதே அடுத்த ஐந்து வருடத்துக்கு மாகாணங்களும் படைகளும் கைக்கு வந்துவிட்டன. எதை விட்டால் எது வரும் என்று தெரிந்த ஆள்.

அப்புறம் கௌல் போர்கள். பெரும்பாலான குளிர்காலங்களில் ஆல்ப்ஸுக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து ரோம் அரசியலைக் கவனித்துக்கொண்டார். கி.மு. 57-இல் அவருடைய வெற்றிக்காக ரோமின் ஆட்சிப் பேரவையான செனட் 15 நாள் நன்றி வழிபாடு அறிவித்தது. அதே வருடம் கௌலில் அடுவாதுகி என்ற இன மக்களின் ஊர் பிடிபட்டது. வழிகாட்டி பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, சீசரே எழுதிய வரியை முதலில் லத்தீனில், பிறகு ஆங்கிலத்தில் படித்தார். ஊரை மக்களோடு அப்படியே மொத்தமாக ஏலத்தில் விற்றார், தலைக்கணக்கு 53,000 என்று வாங்கியவர்கள் வந்து சொன்னார்கள். அவ்வளவுதான் அந்த வரி. படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்துப் பையில் வைத்தார். நாங்கள் எட்டுப் பேரும் அந்த மூன்று தூண்களையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

சீசரின் உடலை எரித்த இடத்தில் எழுந்த கோயிலில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. பலிபீடத்தின் எச்சத்தில் யாரோ வைத்த பூக்கள் கிடந்தன. ஐந்து நிமிடம் போதும்.

மனசை விட்டு இன்னும் போகாதது மாமெர்டைன் சிறை. இயேசுவின் சீடர் பீட்டர் அடைபட்டிருந்த இடம் என்ற நம்பிக்கையில் வருகிறவர்கள்தான் அதிகம். எங்களை அழைத்துப் போனது வெர்சிஞ்செட்டோரிக்ஸுக்காக. கி.மு. 52-இல் கௌல் இனங்களை ஒன்று சேர்த்து எழுந்தவர். அவர் இருந்த அலேசியா கோட்டையைச் சுற்றி சீசர் வேலி போட்டு வளைத்த முற்றுகையை வழிகாட்டி நோட்டில் இரண்டு வட்டமாக வரைந்து காட்டினார். உள்வட்டம் ஏறக்குறைய 16 கிலோமீட்டர், உதவிக்கு வரும் படையைத் தடுக்க வெளிவட்டம் 21. உணவு தீர்ந்ததும் ஊர்க்காரர்களைக் குழந்தை குட்டிகளோடு வெளியே அனுப்பினார்கள். அடிமையாகவாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று அழுதவர்களை சீசர் ஏற்கவில்லை. கோட்டைக்கும் ரோமர் வேலிக்கும் நடுவே பட்டினி கிடந்தார்கள்.

சிறையின் கீழ் அறைக்கு இப்போது படி இருக்கிறது. அந்தக் காலத்தில் மேல் அறைத் தரையில் இருக்கும் வட்டத் துளைதான் வழி. கீழே நின்று அந்தத் துளையை அண்ணாந்து பார்த்தேன். ஒரு ஆளை இறக்கும் அளவுதான். சுவரைத் தொட்டால் ஈரம். சரணடைந்த வெர்சிஞ்செட்டோரிக்ஸை ஆறு வருடம் கைதியாக வைத்திருந்து, கி.மு. 46-இல் ஊர்வலத்தில் காட்டிவிட்டு, கொன்றார்கள். வகுப்பில் நான் "சரணடைந்தார்" என்பதோடு பாடத்தை முடித்துவிடுவேன். இப்போது என் பழைய மாணவர்கள் யாராவது கேட்டால் மீதியையும் சொல்வேன்.

குறைகளுக்கு வருகிறேன். காதில் மாட்டக் கொடுத்த கருவி பாதி வழியில் கரகரவென்று இரைந்தது, மாற்றுக் கருவி கையில் இல்லை. சீசரின் கொலை நடந்தது மன்றத்தில் உள்ள செனட் கட்டடத்தில் என்று நிறுவனத்தின் துண்டுத்தாளில் அச்சிட்டிருக்கிறார்கள். அது தவறு. ரோமத் தளபதி பாம்பி கட்டிய அரங்க வளாகத்தின் கூடத்தில்தான் கி.மு. 44-இல் குத்திக் கொன்றார்கள். வழிகாட்டியே திருத்திச் சொன்னார். அந்த இடம் இன்றைய லார்கோ அர்ஜென்டினா. பூனைகள் வெயில் காயும் அந்தச் சதுக்கத்துக்குக் கடைசிப் பத்து நிமிடத்தைத்தான் ஒதுக்கினார்கள், அரைமணி நேரமாவது கொடுத்திருக்க வேண்டும்.

போகிறவர்கள் காலை நேரத்தையே எடுங்கள், பதினொரு மணிக்கு மேல் கூட்டம் நெருக்குகிறது. சிறை நுழைவுச்சீட்டு கட்டணத்தில் அடக்கமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், எங்களுக்கு அடங்கியிருந்தது. மன்றத்துக் கற்கள் மேடு பள்ளம், செருப்பு சரிவராது. தண்ணீர் வாங்க வேண்டாம், தெருக் குழாய்களில் நல்ல தண்ணீர் வருகிறது. மூட்டு வலி இருப்பவர்கள் சிறைப் படியில் மெதுவாக இறங்கலாம். என்னையும் இன்னொரு அம்மாவையும் அவசரப்படுத்தாமல் வழிகாட்டி கீழே காத்திருந்தார்.